நாடி காட்டிக்கொடுத்த ஏலம்

மீன் ஏலத்தில் நிற்பவனுக்கு முகம் கல்லாக இருக்க வேண்டும். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் நல்ல இறாலைக் கொட்டும்போது, இதெல்லாம் ஒரு இறாலா என்பதுபோல வேறெங்கோ பார்க்கத் தெரிய வேண்டும். ஆசை வெளியே தெரிந்தால் தொலைந்தோம். எதிராளி விலையை ஏற்றிவிடுவான். அந்த வித்தையில் என்னை அசைக்க ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். அது நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும். ஒயர் கியர் ஒன்றும் கிடையாது. என் சட்டைப்பையில் இருக்கும் போன் வழியாக ஆஸ்பத்திரிக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்கும் கணக்கு போய்விடும். துடிப்பு அளவைத் தாண்டினால் அவள் போனில் மணியடிக்கும். உடனே என்னைக் கூப்பிடுவாள்.

எப்போது தாண்டும்? நல்ல சரக்கைப் பார்த்தால்தான். முகம் சொன்னபடி கேட்கும், நெஞ்சு கேட்டால்தானே! ஏலம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து போன் அலறும். "அப்பா, யாரோட சண்டை போடுறீங்க?"

ஏலத்தில் எனக்கு நிரந்தரப் போட்டி ஒரு கோட்டைப்பட்டினத்து வியாபாரி. நாங்கள் மல்லுக்கு நிற்பதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் சேரும். நாலே நாளில் மனுஷன் கண்டுபிடித்துவிட்டார், போன் அடித்தால் அந்தச் சரக்கு எனக்கு வேண்டும் என்று. "அண்ணனுக்கு மக கூப்புட்டுருச்சு, வெலைய ஏத்துங்கய்யா!" என்று கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? பட்டையைக் கழற்றி வைத்தால் மகள் பதறிப்போவாள், அதுவும் முடியாது. உள்ளதைச் சொன்னால், அந்தச் சண்டைக்காகத்தான் தினமும் காலையில் எழுந்து கிளம்பினேன். அது இல்லாவிட்டால் நான் வெறும் நோயாளி.

போன மாதம் ஏலத்தின் நடுவே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஐஸ் பெட்டிமேல் சாய்ந்துவிட்டேன். ஓடிவந்து தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான்.

ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பப் போனேன். அன்றைக்கு வந்தது அருமையான இறால். ஒரு விலை கேட்டேன். போன் அடித்தது. அவர் கத்துவார் என்று பார்த்தேன். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் கம்மென்று நின்றார்கள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார் ஏலம் விடுபவர்.

"அட, கேளுங்கய்யா!" என்றேன் நானே.

"நீங்களே எடுத்துக்கங்கண்ணே," என்றார் அவர். "ஒடம்பப் பாத்துக்கங்க."

அவ்வளவு மலிவாக நான் சரக்கு எடுத்ததே இல்லை. அவமானமாக இருந்தது. இறாலை அள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன். போன் விடாமல் அடித்தது, எடுத்தேன்.

"அப்பா, இப்பத் துடிப்பு கொறஞ்சுருச்சே!" மகள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சண்டை முடிஞ்சுதா?"

"எதுத்துக் கேக்க ஆளில்லம்மா."

"நல்லதாப் போச்சுப்பா," என்றாள்.