டோக்கியோவுக்குப் போன ரைஸ் குக்கர்

டோக்கியோவுக்கு முதல் தடவை போகிறோம் என்றதும், ஆக்லாந்து மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்து இரண்டு மணி நேரம் புத்தி சொன்னார்.

"அங்க ஒண்டும் சாப்பிடேலாது அக்கா. ரைஸ் குக்கரைக் கட்டாயம் கொண்டு போங்கோ."

நம்பித் தொலைத்தேன். சோறு தின்னும் நாட்டுக்கே குக்கர் சுமந்தேன். நெரிசல் ரயிலில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஹோட்டலில் அடாப்டர் போட்டுச் செருகினால், அங்கே வோல்டேஜ் ஆக்லாந்தில் வருவதில் பாதிகூட இல்லை. ஒரு மணி நேரமாகியும் அரிசி ஊறிக்கொண்டே கிடந்தது. கீழே கடையில் சுடச்சுடச் சோறு விற்றார்கள்.

திரும்பி வந்ததும் அவரிடம் கேட்டேன்: "நீங்கள் டோக்கியோவுக்கு எப்ப போனனீங்கள்?"

"நான் இன்னும் போகேல்லை அக்கா. அடுத்த மாசம்தான் போறம். எங்கட குக்கர் பெரிசு, பெட்டிக்க அடங்காது. உங்கடையை ஒருக்காத் தாறீங்களோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவித் துடைத்துக் கொடுத்தேன். வோல்டேஜைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.