அசையாமல் நின்ற கப்பல்

ஓடுகிற கப்பலை டார்பிடோவால் அடிக்க வேண்டுமானால் கப்பலைக் குறிவைக்கக் கூடாது. கப்பல் இனிமேல்தான் வந்து சேரப்போகிற வெறும் தண்ணீரைக் குறிவைக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் எனக்குத் தெரிந்திருந்த மிகப்பெரிய ரகசியம் இதுதான். தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் வேறொருவருக்கும் இது தெரியாது என்பதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

கல்ஃபில் வேலை போய் ஊருக்கு வந்த சித்தப்பாவின் லேப்டாப்பில் அந்த நீர்மூழ்கி விளையாட்டு இருந்தது. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் குறிவைத்துத் தரும் வசதியும் அதில் உண்டு. எனக்கு அது கேவலமாகப் பட்டதால் அணைத்துவிட்டேன். பெரிஸ்கோப்பில் கொடிமரத்தின் உயரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிப்பேன். ஸ்டாப்வாட்சை அழுத்தி வேகம். கப்பலின் பக்கவாட்டுப் பகுதி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, அது போகிற திசை. இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் டார்பிடோ யாரையும் தொந்தரவு செய்யாமல் கடலைச் சுற்றிப் பார்க்கப் போய்விடும்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, கப்பல் போயிரும்" என்பேன்.

"போட்டும் ஏட்டி. ஒரு கப்பலையாவது கரை சேர விடுவியா?" என்பாள்.

அந்த மழைக்காலத்தில்தான் பெரியப்பாவின் போட்டை ஒரு சரக்குக் கப்பல் இடித்தது. நன்றாக விடிந்த பிறகு, மீனோடு கரைக்குத் திரும்பும் வழியில். வலை இழுத்துக் களைத்துப்போன பெரியப்பா, ஸ்டியரிங்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்திருந்தார். அந்தத் தம்பிதான் என் சித்தப்பா. அவர் கடலுக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. தண்ணீரில் விழுந்தவர்களைப் பின்னால் வந்த போட்டுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். பெரியப்பா மட்டும் கிடைக்கவில்லை.

சித்தப்பா எல்லாரிடமும் ஒன்றையேதான் சொன்னார். "இடப்பக்கம் நின்னுது. மூக்கு தெரியல்ல, சைடுதான் தெரிஞ்சுது. நம்ம பக்கம் வரல்லன்னு நெனச்சேன்." ஊர் தலையாட்டியது. பெரியம்மாவும் தலையாட்டினாள். தினமும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அவருக்குச் சோறு போட்டாள். "கப்பல்காரன் கண்ணு தெரியாம வந்ததுக்கு நீ என்ன மக்கா செய்வ? தின்னு." அவள் அதைச் சொல்லும்வரை அவர் சோற்றில் கை வைப்பதில்லை.

ஒரு மத்தியானம் சித்தப்பா என் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"என்னட்டி செய்யுக?"

கேட்டது போதாதா! தூரம், வேகம், திசை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இதுவரை யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"டார்பிடோவுல இருந்து பாத்தா கப்பல் எங்ஙன தெரியும்?"

அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். டார்பிடோவோடு சேர்ந்து நாங்களும் அலைக்கடியில் பாய்ந்தோம். திரையின் ஓரத்தில் கப்பல் அசையாமல் நின்றது.

"கப்பல் அனங்கவே இல்லியே" என்றார்.

"அனங்கப்பிடாது சித்தப்பா. அங்ஙனயே நின்னு பெருசாயிட்டே வந்தா முட்டும். முன்னயோ பின்னயோ நவுந்தாத் தப்பிரும்."

"மூக்கு நம்மளப் பாக்கல்லியே?"

"அது எங்க பாத்தா என்ன? நாமளும் போறோம்லா! ரெண்டும் ஒரே இடத்துக்குப் போவுது."

கப்பல் வெடித்தது. "இன்னொருக்க காட்டு" என்றார். காட்டினேன். மறுபடியும் கேட்டார். அவருக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒரு கம்புக்கு நேராட்டே நின்னுட்டிருந்தா?"

"சூப்பர் சித்தப்பா! கம்புக்கு நேரா வச்சுப் பாத்தா லேசாக் கண்டுபிடிச்சிரலாம்."

"இத்திரிபோல திருப்பினா?"

"தாராளமாத் தப்பிரும். வேகத்தக் கொறச்சாலே போதும்."

"மிடுக்கி" என்று மெச்சி என் தலையில் கை வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டில் நானும் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மெதுவான குரலில் அவளிடம் சொன்னார். கப்பல் போட்டின் கொடிக்கம்புக்கு நேராக, அசையாமல் நின்றதை. கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும் என்பதை. பெரியம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. எப்போதும்போலச் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றினாள். வழக்கமாகச் சொல்கிற அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சித்தப்பா காத்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறார். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. பஸ் ஏறினால் ஊருக்கு வந்துவிடலாம், ஆனால் வருவதில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு கடல் சட்டத்தை நானாகவே தேடிப் படித்தேன். இரண்டு கலங்கள் குறுக்கே வந்தால், மற்றதைத் தன் வலப்பக்கம் பார்க்கிறவன்தான் விலக வேண்டும். போட்டு அந்தக் கப்பலுக்கு வலப்பக்கம் இருந்தது. விலக வேண்டியது கப்பல். விளையாட்டில் அந்தச் சட்டமே கிடையாது. அதில் இடிப்பதற்கு மட்டும்தான் கணக்கு உண்டு. உடனே போன் செய்து, தப்பு கப்பல்மேல்தான் என்று கத்தினேன். சித்தப்பா முழுவதையும் கேட்டார்.

"செரி மக்கா. ஆனா இத்திரி திருப்பியிருந்தாத் தப்பியிருக்கும், இல்லியா?"

கணக்குப்படி அது சரிதான்.

அவர் ஊரைவிட்டுப் போன காலையில் லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இனி இது ஒனக்குள்ளது" என்றார். நன்றாகப் பாடம் சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.