உடைந்த மணிக்கட்டும் பல்லாவரம் சந்தையும்

போட்டிகளில் ஸ்கேட்போர்டு ஓட்டிப் பிழைத்த மூன்று பேர் சேர்ந்து ஒரு ஸ்கேட்போர்டு கம்பெனி தொடங்கினால் என்ன ஆகும்?

இன்று மாடம்பாக்கத்தில் எங்கள் ஷெட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். மற்ற இருவரும் போன மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

விற்காத கடைசி போர்டைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் காட்டாங்குளத்தூர் போகும் ஒரு கல்லூரி மாணவி. அவர் டி-ஷர்ட்டில் எங்கள் லோகோ! ஒரு போட்டியில் விழுந்து நான் உடைத்துக்கொண்ட மணிக்கட்டின் எக்ஸ்ரே படம்தான் அது.

"எங்க போர்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன போர்டுண்ணா?"

கையிலிருந்த போர்டைத் திருப்பி அடியிலிருந்த அதே படத்தைக் காட்டினேன். "இது எங்க கம்பெனி. அந்த எக்ஸ்ரே என் கை."

அந்தப் பெண் படத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, ஏதோ மியூசிக் பேண்டுன்னு நெனச்சேன். பல்லாவரம் சந்தைல எடுத்தது. எல்லா கலர்லயும் குவிச்சு வெச்சிருக்காங்கண்ணா. செமயா போவுது!"

நாங்கள் டி-ஷர்ட்டே தயாரித்ததில்லை. போர்டு மட்டும்தான் செய்வோம், துணி விற்கமாட்டோம் என்று மூன்று பேரும் அவ்வளவு வீம்பாக இருந்தோம்.

சந்தையில் அந்தக் கடை போடுகிறவரை யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சண்டை போட இல்லை. வேலை கேட்க.