கிளிமீன் முடிந்துவிட்டது என்று நான் எழுதிய அறிக்கை

கோப்பாயில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நான் மீன் ஆராய்ச்சிக்குப் போனதே எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடி. எனக்குக் கிடைத்த மீனும் அதற்கு ஏற்றதுதான். விலைபோகிற மீன்களை மற்ற ஆய்வாளர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியது கிளிமீன். அதை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. நண்டுக்கு விரித்த வலையில் தானாக வந்து மாட்டும். கடலில் அது குறைகிறதா, தாக்குப்பிடிக்கிறதா என்று சொல்வது என் வேலை.

ஐந்து மாதம் குருநகர் இறங்குதுறைக்குப் போனேன். ஏலத்துக்கு வந்த கிளிமீன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி அளந்தேன். எல்லாம் சாணுக்கும் குறைவு. பெரியவை பிடிபட்டுத் தீர்ந்துவிட்டன என்று முடிவுகட்டினேன். கவலையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கவலையைவிடப் பெருமைதான் கூட. ஒரு அழிவை முதலில் கண்டவள் நான் அல்லவா? முன்னுரை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அறிக்கையை அனுப்புமுன், வலையில் நண்டு கழற்றும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஐந்து மாதமும் எனக்கு மத்தியானச் சாப்பாடு தந்தவர் அவர்.

"அக்கா, உங்கடை கடலிலை பெரிய கிளிமீன் முடிஞ்சுது."

"ஆர் சொன்னது?"

"நான்தான். அளந்து பாத்தனான்."

அவர் நண்டைக் கழற்றிக் கூடையில் போட்டார். "நேற்று என்ரை வீட்டிலை என்ன சாப்பிட்டனீர்?"

"மீன்குழம்பு."

"என்ன மீன்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"கிளிமீன், பிள்ளை. பெரிசுகளை நீர் வாறதுக்கு முன்னமே கறிக்கு எடுத்து வைச்சிடுவம். நீர் அளந்தது நாங்கள் வேண்டாமெண்டு விட்டதுகளை."

சுற்றியிருந்த பெண்கள் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

அதன்பிறகு பலகையோடு குசினி குசினியாகப் போனேன். சட்டி அடுப்பில் காய, "ஒரு நிமிசம், அளந்துபோட்டுத் தாறன்" என்று நிற்பேன். பசியோடு காத்திருந்த கணவன்மார் என்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

இன்னொரு வருடம் கழித்துப் புது அறிக்கையின் முடிவுரையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்: பெரிய கிளிமீன்கள் இருக்கின்றன, கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

"இதைச் சொல்லவோ இவ்வளவு காலம்?"

"ஓம், அக்கா."