செல்வி நின்ற விதம்

அன்று நான் காட்டிய திமிரை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அஸ்தினாபுரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் வெண்கலச் சிலைகள் வார்க்கிறேன். இருபது வருடங்களாக அம்மன் சிலைகள்தான். முதல்முறையாக ஒரு கண்காட்சிக்காக, கிரேக்கக் கதைகளில் வரும் போர்வீராங்கனை ஒருத்தியை ஒரு முழ உயரத்துக்கு மெழுகில் செய்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் போனில் படத்தைக் காட்டிப் பெருமையடித்தேன்.

கோவளத்தில் எனக்கு வழக்கமாக மீன் தரும் செல்வி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா, சண்டைக்குப் போறவ டான்ஸ் ஆடிகினு கீறா?"

"சிலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று வெடுக்கெனக் கேட்டேன்.

"நிக்கறத பத்தி தெரியும்க்கா" என்றவள், ஈரமணலில் கால்களை அகட்டி ஊன்றி, நிறைந்த மீன்கூடையைத் தலைக்கு ஏற்றினாள். இடுப்பு கொஞ்சமும் வளையவில்லை. என் வீராங்கனையின் இடுப்போ, என் கைப்பழக்கத்தால், அம்மனைப் போலவே ஒசிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெழுகை இடுப்போடு வெட்டினேன். செல்வியின் கால்களை நினைத்துக்கொண்டே மறுபடி செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வடிந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றினேன். ஆறியபின் மண்ணை உடைத்து எடுத்து, தரையில் வைத்தேன். பீடமே இல்லாமல் அசையாமல் நின்றாள் என் வீராங்கனை! தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

மறுநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். செல்வியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளோ சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீன் வாங்க வந்தவர்களைக் கூவி அழைத்தாள்.

"தோ பாருங்க, இது என் காலு!"

எந்த அம்மனையும் நான் அவ்வளவு உயரமாகத் தூக்கிக் காட்டியதில்லை.