முனைக் கிணறு

நெம்மேலியில் கடல்நீரை நல்ல தண்ணீராக்கி அனுப்புகிறார்களாம். எங்கள் அடுக்ககக் குழாயில் இப்போது அதுதான் வருகிறது. மணமும் இல்லை, ருசியும் இல்லை. அதனாலேயே ஒவ்வொரு மடக்குக்கும் அந்த முனை ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வயதில் அதுவும் ஓர் அலுப்புதான்.

ஐம்பதுகளில் நெம்மேலிக்கு வடக்கே கடலுக்குள் நீண்டு கிடந்த மணல் அது. நவாபு காலத்துக் கோட்டை இடிந்த செங்கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்து, மேலே ஓலை வேய்ந்த ஏழெட்டு வீடுகள். மூன்று பக்கமும் அலை இரைந்துகொண்டிருக்க, வீட்டுக்கு வீடு எப்படியோ தித்திக்கிற ஒரு கிணறு. ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு போகும். புயல் விட்ட காலையில் பெண்கள் கிணற்றுநீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். தித்தித்தால் பிய்ந்த ஓலையை மறுபடி வேய வேண்டும். கரித்தால் வீட்டைப் பிரித்துக்கொண்டு ஊருக்குள்ளே போய்விட வேண்டும். அப்படி ஒவ்வொரு குடும்பமாகப் போய், கடைசியில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம்.

அந்த வருஷமும் புயல் விட்ட காலையில் அம்மா வாளியைச் சாய்த்துக் குடித்தாள். அத்தா ஓலைக்கட்டோடு நின்றிருந்தார்.

"இன்னா, எப்பிடி கீது?"

"தித்திப்பாத்தான் கீது. நீங்க ஏறி ஓலையப் போடுங்க."

அத்தா வாளியைத் தொடாமல் கூரைமேல் ஏறினார்.

அன்று கஞ்சிக்கு அம்மா உப்பே போடவில்லை. யாரும் உப்பு கேட்கவும் இல்லை.