டாக்டரம்மா பார்க்க வந்த கைகள்

அந்த டாக்டரம்மா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, சேறு வழியும் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணத்தில் மெட்டி போட்டுவிட்ட என் வீட்டுக்காரர்கூட அத்தனை பதமாய்த் தொட்டதில்லை! அந்த மனுஷர் மெட்டியையே விரல் மாற்றிப் போட்டவர், அது வேறு கதை.

எந்த வேலை செய்தால் தோலில் என்ன நோய் வருகிறது என்று ஊர் ஊராகப் பார்த்து வந்தார் அவர். தரங்கம்பாடியில் மீன் அறுக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, திருவையாற்றுப் பக்கம் நடவுக்காரிகளான எங்களிடம் வந்தார். சேற்றுப்புண் வராமலிருக்க, நடவுக்கு முன்னால் கால் விரலிடுக்கில் மருதாணி வைப்பது எங்கள் வழக்கம். டாக்டரே பார்க்கப்போகிறார் என்றால் விடுவோமா? கணுக்கால்வரை அப்பிக்கொண்டோம்.

சேற்றைக் கழுவிப் பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "புண்ணப் பாக்க வந்தா, எல்லாரும் கல்யாணப் பொண்ணு கால நீட்டுறீங்களே!"

என் ஓரகத்தி மட்டும் இரண்டு கைகளிலும் அப்பியிருந்தாள். நடவு இல்லாத நாளில் அவள் சித்தாள். சிமெண்ட் கலக்கிக் கலக்கிக் கை வெடித்துக் கிடந்தது. அது ஒட்டுகிற சொறி என்று பயந்த அவள் மருமகள், புதுப் பேரனைத் தொடவே விடவில்லை. டாக்டரும் அதையே சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் மருதாணியால் மறைத்தாள்.

டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "இது சேத்துல வந்தது இல்லியே. சிமெண்ட்டு வேலைக்குப் போறீங்களாம்மா?"

அவள் தலையாட்டினாள். நான்தான் முந்திக்கொண்டேன். "ஒட்டுமா டாக்டரம்மா? அத மட்டும் சொல்லுங்க!"

"ஒட்டவே ஒட்டாது. சிமெண்ட்டு இவங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். மருந்து தர்றேன்."

பிள்ளையோடு வேடிக்கை பார்த்து நின்ற அவள் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "கேட்டியா புள்ள? காதுல விழுந்துச்சா?"

அவளும் லேசுப்பட்டவளா! "பச்சப்புள்ளையத் தூக்கலாங்களா?" என்று டாக்டரிடம் தானும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

"தாராளமா."

தோளில் கிடந்த பிள்ளையை மெதுவாக நீட்டினாள். "இந்தாங்கத்தே."

என் ஓரகத்தி கைகளை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "அடி, மருதாணி போயிடப்போவுது, வாங்குடி!" என்று நான் கத்தினேன். வாங்கினாள். வாங்கிய மறுநிமிஷமே பயல் அவள்மேல் ஒன்றுக்குப் போய்விட்டான்.

அன்று பொழுது சாயும்வரை அவள் சேலையை மாற்றவில்லை. எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "எம்பேரன் பண்ணுன வேலையப் பாருங்க" என்று காட்டிக்கொண்டே தெருவைச் சுற்றினாள்.